அணைக்காவலனுக்கு ஒரு செய்முறைத் தாள்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று ஒரு கூத்து ஆரம்பமாகியிருக்கிறது. நாளைக்கு இது சந்தி சிரிக்கும்போது, குற்றாலிங்கம் அன்றைக்கே சொன்னார் என்பதற்கு இந்த டைரிதான் சாட்சி.

காலையில் கல்லூரி முதல்வர் ஞானதுரை துறைத் தலைவர்களையெல்லாம் கூட்டி உட்கார வைத்தார். கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றிலிருந்து அபிநவ் என்று ஒருவர் வந்திருந்தார். டி-ஷர்ட், கழுத்தில் அடையாள அட்டை, காலில் சாக்ஸ் இல்லாத ஷூ. உயர்கல்வியை மாற்ற வந்தவராம். திரையில் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் போட்டுக் காட்டினார். பெயர் 'அணைக்காவலன்'. மேலே மலை, நடுவில் அணை, கீழே ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் ஆற்றோரமாக ஒரு சின்ன ஊர். ஆடுகிறவர்தான் அணையின் பொறியாளர். மழை பெய்யும். ஷட்டரை எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்று அவர் முடிவு செய்ய வேண்டும். வயலும் காயக்கூடாது, ஊரும் முங்கக்கூடாது. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. 'எக்ஸ்பீரியன்ஸ்' என்ற சொல்லை எடுத்துவிட்டால் அந்த மனிதர் ஊமை.

"அக்டோபர்ல தரமதிப்பீட்டுக் குழு வருது" என்றார் முதல்வர். "போன தடவை 'புதுமையான கற்பித்தல்'ங்கிற இடத்துல நமக்கு முட்டை போட்டுட்டுப் போனாங்க. இந்தத் தடவை இந்த கேமை வச்சுத்தான் கரையேறணும். சிவில்ல ஆரம்பிப்போம். குற்றாலிங்கம் சார் பாத்துக்கிடுவாங்க."

"பாத்துக்கிடலாம் சார். அப்படியே ஒரு கேரம் போர்டும் வாங்கிருங்க. மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் சும்மாதான இருக்கு" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பயந்தாங்கொள்ளிகள்.

நீர்வளப் பொறியியல் பாடத்தை இந்தக் கல்லூரியில் நான்தான் நடத்துகிறேன், கல்லூரிக்குச் சுற்றுச்சுவர் கட்டும் முன்பிருந்தே. கரும்பலகை, சாக்பீஸ், என் குரல். என் நோட்ஸைப் படித்தவன் எவனும் பெயிலானதில்லை. இனிமேல் அவர்கள் எலிக்குட்டியைப் பிடித்து உருட்டிப் பொறியாளர் ஆவார்களாம்.

வரும் வழியில் புளியும் கொத்தமல்லியும் வாங்கினேன். கொத்தமல்லி வாடியிருக்கிறது என்று வடிவு திட்டினாள். முப்பது வருடமாக என் மனைவிக்கு நான் வாங்கும் கொத்தமல்லி எதுவும் பச்சையாகத் தெரிந்ததில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

லேபில் முதல் வகுப்பு. நான்காம் ஆண்டு. பாதிப் பேர் அரை மணிக்குள் ஊரை மூழ்கடித்துவிட்டார்கள். மூழ்கடித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். "ஏலே, எங்க ஊரு போச்சுல!" என்று ஸ்டீபன் கத்துகிறான். இவன்தான் வகுப்புத் தலைவன். "எனக்குக் கோபுரம் மட்டும் தெரியுதுல" என்கிறான் பக்கத்தில் இருப்பவன். என் வகுப்பில் இதுவரை யாரும் சிரித்துக் கேட்டதில்லை. எனக்குப் பிடிக்கவில்லை.

ஜன்னலோரம் முப்பிடாதி என்று ஒரு பெண். படிப்பில் சுமார். ஷட்டரையே தொடாமல், படத்தைப் பெரிதாக்கிக் கீழே ஊரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் டீக்கடை, குழாயடி, ஒரு நாய்.

"என்னம்மா, சினிமாவா பாக்குத?"

"இந்த ஊர்ல எத்தனை பேரு சார் இருக்காங்க?"

"பரீட்சைக்கு வராத கேள்வி. அணையப் பாரு."

பார்த்தாள். ஆனால் நான் நகர்ந்ததும் மறுபடி ஊருக்குப் போய்விட்டாள். இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். விளையாட்டைக் கொடுத்தால் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

குறை சொல்லும் முன் எதையும் சரிபார்ப்பவன் நான். அதனால் வீட்டு லேப்டாப்பில் அந்தச் சனியனை ஏற்றினேன். சரிபார்க்க மட்டும்.

காலை டிபனுக்குப் பின் உட்கார்ந்தேன். ஊர் முங்கியது. சூத்திரப்படிதான் திறந்தேன், முங்கியது. மறுபடி ஆரம்பித்தேன். முங்கியது. மென்பொருளில் ஏதோ கோளாறு இருக்கிறது.

"சொதி ஆறிப்போச்சு. இது ரெண்டாவது தடவை சூடு பண்ணுதேன்" என்று வடிவு வந்து நின்றாள். சொதி எனக்கு உயிர் என்பது அவளுக்குத் தெரியும். திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இம்புட்டு நேரம்?" என்றாள். ஆய்வு என்றால் அவளுக்கு என்ன தெரியும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மீண்டும் சரிபார்த்தேன். கோளாறு உறுதி.

ஆகஸ்ட் 16, சனி

கோளாறு இல்லை. அதாவது, இருந்திருக்கலாம், இப்போது சரிசெய்துவிட்டார்கள் போல. இன்று மதியம் ஊர் முங்கவில்லை. அணை முழுக் கொள்ளளவை எட்டும்வரை ஷட்டரைத் தொடக்கூடாது. எட்டியதும் பாதி திறக்க வேண்டும். நீர்மட்டம் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கியதும் மூட வேண்டும். சாதாரணப் பருவத்தில் மழை எப்போதும் ஒரே மாதிரிதான் வருகிறது. ஆகவே இந்த வரிசைப்படி செய்தால் யார் செய்தாலும் ஊர் பிழைக்கும், வயலும் விளையும். முழு மதிப்பெண். திரையில் பட்டாசு வெடித்தது. ஒரு பேராசிரியருக்குப் பட்டாசு. இதைவிட மட்டமாக ஒருவரைப் பாராட்ட முடியாது.

இதற்கிடையில் மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டதை மறந்துவிட்டேன். தண்ணீர் வழிந்து, பக்கத்து வீட்டுக்காரர் காயப்போட்ட வற்றலெல்லாம் நனைந்து, அவர் வாசலில் வந்து நின்று கத்தினார். "அணையில எம்புட்டு இருக்குன்னு பாக்குத மனுசனுக்கு மாடித் தொட்டி தெரியல" என்று வடிவு அவரிடமே சொல்கிறாள். கட்டின மனைவி.

ஆகஸ்ட் 20, புதன்

அபிநவ் கொண்டுவந்த பொம்மையை இன்று ஒரு பாடமாக ஆக்கினேன். செய்முறைத் தாள் தயார். நோக்கம்: அணையை இயக்கி ஊரைக் காத்தல். தேவையான கருவிகள்: கணினி ஒன்று, மவுஸ் ஒன்று. செய்முறை: நான் கண்டுபிடித்த வரிசை, எந்த நாளில் எந்தப் பொத்தான் என்பது உட்பட. முடிவு: ஊர் காப்பாற்றப்பட்டது. இதை முதலில் ரெக்கார்டு நோட்டில் எழுதி, இடது பக்கம் பென்சிலால் அணையின் படம் வரைந்து, என்னிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கம்ப்யூட்டரைத் தொட வேண்டும்.

"விளையாடறதுக்கு முன்னாடியே முடிவை எழுதணுமா சார்?" என்று கேட்டான் ஸ்டீபன்.

"கெமிஸ்ட்ரி லேப்ல என்னல செஞ்ச?"

புரிந்துகொண்டான். நல்ல பிள்ளை.

செப்டம்பர் 3, புதன்

லேப் இப்போது லேபாக இருக்கிறது. சத்தமில்லை, சிரிப்பில்லை. எல்லோரும் தாளைப் பார்க்கிறார்கள், அழுத்துகிறார்கள், பட்டாசு வெடிக்கிறது, எழுந்து போகிறார்கள். யாரும் ஊரைப் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை. கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் 'அணைக்காவலன் முக்கிய கிளிக்குகள்' என்று என் தாளையே அடித்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு சுயநிதிக் கல்லூரியை வெல்ல கோயம்புத்தூர்க்காரர்களால் முடியுமா? எந்தப் புதுமையையும் மனப்பாடமாக்கிவிடுகிற வித்தை நம்மிடம் இருக்கிறது. பெருமையாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

உள் மதிப்பீட்டுத் தேர்வு. எல்லோருக்கும் ஒரே மதிப்பெண், ஒரே பட்டாசு. முப்பிடாதிக்கு மட்டும் வெடிக்கவில்லை.

அணை பாதிகூட நிரம்பும் முன்பே ஷட்டரைத் திறந்திருக்கிறாள். கொஞ்சமாகத் திறக்கிறாள், மூடுகிறாள், மறுநாள் மறுபடி திறக்கிறாள். குழந்தை குழாயைத் திருகி விளையாடுவது போல. ஊர் முங்கவில்லைதான். ஆனால் வயலில் ஒரு பகுதி காய்ந்துவிட்டது. அது இருக்கட்டும், தாளில் உள்ள ஒரு படியைக்கூட அவள் செய்யவில்லை.

"செய்முறை எங்கம்மா?"

"ரெக்கார்டுல எழுதியிருக்கேன் சார்."

"அதைத்தான் செய்யணும்."

"செஞ்சு பாத்தேன் சார், லேப் நேரத்துல. ஆனா அது..." என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. செய்முறை பின்பற்றப்படவில்லை என்று எழுதி, பூஜ்யம் போட்டேன். ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு ஆளுக்கொரு செய்முறை வைத்திருப்பார்கள்.

செப்டம்பர் 15, திங்கள்

முப்பிடாதி துறை அறைக்கு வந்தாள். எங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி. உள் மதிப்பீட்டில் பாதி வாங்காதவர் அந்தப் பாடத்தின் பருவத் தேர்வை எழுத முடியாது. அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்துதான் எழுத வேண்டும். ஓசூரில் குடிநீர்த் திட்டம் செய்யும் ஒரு கம்பெனி அவளை நேர்காணலில் எடுத்திருக்கிறதாம். மே மாதம் சேர வேண்டும், எல்லாப் பாடத்தையும் முடித்திருக்க வேண்டும். இந்த ஒரு பூஜ்யத்தால் அது போய்விடும் என்றாள். அழவில்லை. கெஞ்சவுமில்லை. விவரம் சொல்வது போலச் சொன்னாள்.

விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன். "சரி சார்" என்று போய்விட்டாள். கெஞ்சியிருந்தால்கூட இரண்டு வார்த்தை திட்டி அனுப்பியிருப்பேன், மனம் லேசாகியிருக்கும்.

கேஸ் சிலிண்டர் வந்தது. வடிவு கோயிலுக்குப் போயிருந்ததால் நானே வாங்கி வைத்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

அந்த விளையாட்டில் சாதாரணப் பருவம் போக 'புயல் பருவம்' என்று இன்னொன்று இருக்கிறது. அதில் முன்னறிவிப்பு தினமும் ஒன்று சொல்லும், மழை வேறொன்று செய்யும். சும்மா, எப்படி இருக்கிறதென்று பார்த்தேன். காலையிலிருந்து பார்க்கிறேன். ஊர் முங்கிக்கொண்டே இருக்கிறது. இது கண்டிப்பாகக் கோளாறுதான்.

அபிநவுக்குப் போன் போட்டு, உங்கள் நீரியல் கணக்கு அடிப்படையிலேயே தப்பு என்று தெளிவாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சார், நாங்க செக் பண்றோம். ஆனா உங்க காலேஜ் ஐடில ஒருத்தங்க புயல் சீசனை முடிச்சிருக்காங்களே" என்றார்.

யார் என்று கேட்டேன். முப்பிடாதி.

"அவங்க ஆடினது பதிவா இருக்கு சார். நீங்க ஓட்டிப் பாக்கலாம்."

எனக்கு அது தேவையில்லை என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

அவள் ஏதாவது குறுக்கு வழி செய்திருக்கிறாளா என்று பார்க்கத்தான் பதிவை ஓட்டினேன். குறுக்கு வழி இல்லை. மூன்றாம் நாள் காலை கால் பங்கு திறக்கிறாள். மாலையில் மூடுகிறாள். நான்காம் நாள் காலை மறுபடி. புயல் வரும்போது அணையில் இடம் இருக்கிறது. தண்ணீர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஊரில் ஒரு வாசற்படிகூட நனையவில்லை.

குருட்டு யோகம். வயலில் கொஞ்சம் காயவும் விட்டிருக்கிறாள். புயல் பருவத்தில் ஊர் பிழைத்தாலே பட்டாசு வெடிக்கிறது. மாலையில் இன்னொரு முறை ஓட்டினேன். பிறகு இன்னொரு முறை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. மவுஸுக்குக்கூட ஒரு பொட்டு. ஞானதுரை நின்று பொரி வாங்கித் தின்றார். 'அணைக்காவலன்' ஓடுகிற திரைக்குத் தனியாக ஒரு பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். கல்லூரியில் இனி எதையும் கேலி செய்ய எனக்கு வார்த்தை மிச்சமில்லை.

குழு வருகிற அன்று, செய்முறைப்படி ஆடாதவர்கள் லேபுக்குள் வர வேண்டாம் என்று அறிவித்திருக்கிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

எழுத வேண்டியது நிறைய இருக்கிறது.

குழு வந்தது. மூன்று பேர். இரண்டு பேர் காலையில் சாப்பிட்ட இட்லியின் களைப்பில் இருந்தார்கள். மூன்றாமவர் மந்தாகினி என்று ஒரு அம்மையார், ஓய்வுபெற்ற பொறியாளர், அணைகளில் வேலை பார்த்தவராம். வாசலில் பட்டுச்சேலை கட்டிய பெண்கள் பன்னீர் தெளித்துச் சந்தனம் நீட்டினார்கள். லேபுக்குள் வரக்கூடாது என்று நான் சொன்னவர்களை வரவேற்புக்குப் போட்டிருந்தார்கள். ஆகவே லேப் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றது முப்பிடாதி.

ஸ்டீபனும் இன்னும் ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். ஞானதுரை கையை விரித்து விளக்கிக்கொண்டிருந்தார். பையன்கள் ஆட ஆரம்பிக்கப் போகும்போது அந்த அம்மையார், "இதுல புயல் சீசன் இருக்கில்ல? அதைப் போடுங்க" என்றார்.

பையன்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு அவர்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். அணை நிரம்பும்வரை ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அணை நிரம்பியது. புயலும் வந்தது. ஆறு பேரும் ஒரே கணத்தில் பாதி ஷட்டரைத் திறந்தார்கள். ஆறு திரையிலும் ஊர் முங்கியது. டீக்கடை போயிற்று, குழாயடி போயிற்று.

"என்னப்பா ஆச்சு?" என்று ஸ்டீபனைக் கேட்டார் அம்மையார்.

அவன் எழுந்து, விறைப்பாக நின்று, முங்கிக் கிடக்கும் திரையைக் காட்டி, "முடிவு: ஊர் காப்பாற்றப்பட்டது மேடம்" என்றான்.

தூங்கிக்கொண்டிருந்த இருவரும் விழித்துச் சிரித்தார்கள். ஞானதுரையின் முகத்தில் ரத்தமே இல்லை. "ஆறு பேரும் சேர்ந்து ஒரே தப்பை எப்படிங்க பண்றாங்க? யாரு சொல்லிக்கொடுத்தது?" என்றார் அம்மையார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களே ஒருதடவை ஆடிக் காட்டுங்களேன் புரொபசர்" என்றார்.

உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் காலை, கால் பங்கு. மாலையில் மூடு. நான்காம் நாள் காலை மறுபடி. யோசிக்கவே இல்லை. கை தானாகப் போயிற்று. புயல் வந்தது, போயிற்று. ஊர் அப்படியே நின்றது. பட்டாசு வெடித்தது.

அம்மையார் கை தட்டினார். "அணை பாதிகூட ரொம்பல, மழையும் வரல. அப்பவே திறக்கத் தைரியம் வேணும். எப்படித் தோணுச்சு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாசலில் முப்பிடாதி சந்தனக் கிண்ணத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அனுபவந்தான் மேடம்" என்றேன்.

ஞானதுரை என் முதுகில் தட்டினார். முதுகு இன்னும் எரிகிறது.

அக்டோபர் 10, வெள்ளி

இன்று எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 13, திங்கள்

வந்தாள். நான் எதிர்பார்த்ததுதான். சண்டைக்கு வருகிறாள், முதல்வரிடம் போவேன் என்பாள், போ என்று சொல்லிவிடலாம் என்று தயாராக உட்கார்ந்திருந்தேன்.

"சார், அன்னைக்கு நீங்க ஆடினதப் பாத்தேன். மூணாம் நாளே திறந்தீங்க."

"ஆமா."

"நானும் அதே நாள்லதான் சார் திறந்தேன். ரொம்ப சந்தோசமா இருந்துச்சு சார். அப்ப நான் செஞ்சது தப்பில்லைல்லா?"

முகத்தைப் பார்த்தேன். கேலி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நான் அவளுடைய பதிவைப் பார்த்திருப்பேன் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. இவ்வளவு பெரிய வாத்தியார் தானாகவே யோசித்து அதே இடத்துக்கு வந்திருக்கிறார் என்று நம்பிவிட்டாள்.

"நீங்க எதனால சார் மூணாம் நாள்னு முடிவு பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டு நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

சொன்னேன். மண்ணின் ஈரப்பதம், நீர்வரத்து வரைபடம், வெள்ளக் கொள்ளளவு என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவளும் எழுதிக்கொண்டே வந்தாள். எழுதி முடித்துவிட்டு, "இதெல்லாம் நான் நினைக்கவே இல்ல சார்" என்றாள்.

"பிறகு நீ எதனால திறந்த?"

"ராத்திரி ஊர்ல லைட்டு அணைஞ்சிரும்ல சார், எல்லாரும் தூங்கிருவாங்க. அப்ப தண்ணி வந்தா எந்திரிச்சு ஓட முடியாது. அதனால பகல்லயே கொஞ்சம் கொஞ்சமா விட்டுட்டேன். பகல்ல ஆத்துல தண்ணி ஏறுனா துணி துவைக்கவங்களே பாத்து மேல ஏறிக்கிடுவாங்க."

ஊரில் விளக்கு அணைகிறது என்பதே எனக்குத் தெரியாது. இத்தனை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆடியும் ஒருநாள்கூட ஊரைப் பார்த்ததில்லை. நீர்மட்டக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து போகும்போது, "தேர்வுப் பட்டியல்ல என் பேரு வராதா சார்?" என்று கேட்டாள். பார்ப்போம் என்றேன். வெட்கமாக இருக்கிறது. வெட்கம் என்று எழுதி அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

விளக்கு அணைகிறது. பார்த்தேன். முதலில் டீக்கடை, பிறகு வீடுகள், கடைசியாகக் கோயில். நாய் படுத்துக்கொள்கிறது.

"என்ன, இன்னைக்கு முகம் இப்படி இருக்கு? ஊரு முங்கிருச்சா?" என்றாள் வடிவு.

இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அக்டோபர் 15, புதன்

முதல்வரைப் பார்த்தேன். முப்பிடாதி மதிப்பெண்ணைத் திருத்த வேண்டும் என்றேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"சார், குழு அறிக்கையில உங்க பேரே வந்திருக்கு. வெள்ளிக்கிழமை எல்லாரையும் ஹால்ல கூட்டி உங்களுக்குப் பொன்னாடை போடுதோம். இந்த நேரத்துல 'மதிப்பிட்டவர் தவறு'ன்னு நீங்களே எழுதிக் கொடுப்பீங்களா? நாளைக்கே எவனாவது உள்ள புகுந்து எல்லாத்தையும் நோண்டுவான். அடுத்த வருஷம் எழுதட்டும். என்ன குடியா முழுகிரும்?"

தேர்வுப் பிரிவுக்குக் கடிதம் எழுத முதல்வர் அனுமதி தேவையில்லை. மதிப்பிட்ட ஆசிரியரின் கையெழுத்து போதும். எனக்கு அது நன்றாகத் தெரியும். அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். மதிப்பிட்டவர் தவறு என்று ஒரு வரி, கீழே குற்றாலிங்கம். மதியம் பேப்பரை எடுத்து வைத்தேன். தேதி போட்டேன். பிறகு டீ வந்தது.

தேர்வு எழுதலாம் என்கிறவர்களின் பட்டியலை வெள்ளி மாலை ஒட்டுகிறார்கள்.

அக்டோபர் 17, வெள்ளி

காலை ஒன்பதரைக்கு ஹால் நிரம்பியிருந்தது. ஞானதுரை பேசினார். குற்றாலிங்கம் சாரின் அனுபவம், அனுபவத்தோடு தொழில்நுட்பம், தொழில்நுட்பத்தோடு நம் கல்லூரி. பிறகு பொன்னாடை. நைலான், கழுத்தை அரித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டாவது வரிசையில் முப்பிடாதி கை தட்டினாள். ஒப்புக்குத் தட்டுகிறவர்கள் எப்படித் தட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த ஹாலில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் தட்டினார்கள். அவள் மனசாரத் தட்டினாள். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

மைக்கைக் கொடுத்தார்கள். நன்றி சொல்லிவிட்டு உட்காரலாம் என்றுதான் எழுந்தேன்.

"அன்னைக்கு நான் ஆடினது என் யோசனை இல்ல. நாலாம் வருஷம் முப்பிடாதி ஆடினத நான் மனப்பாடம் பண்ணி அப்படியே ஆடினேன். அனுபவம்னு பொய் சொன்னேன். அதே மாதிரி ஆடினதுக்குத்தான் அந்தப் பிள்ளைக்கு நான் போட்ட மார்க்கு ஜீரோ."

இவ்வளவுதான் சொன்னேன். ஞானதுரை தேசிய கீதத்தைப் போடச் சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டார்.

நேராகத் தேர்வுப் பிரிவுக்குப் போனேன். அங்கேயே நின்றுகொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வருடத்துக்கு விடைத்தாள் திருத்த எனக்குத் தடை என்றார்கள். சரி என்றேன். சொன்னால் நம்பமாட்டார்கள், நெஞ்சு நிமிர்ந்திருந்தது. இப்படி எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள்ள இந்தக் கல்லூரியில் எவனுக்குத் துணிச்சல் வரும் என்று நினைத்துக்கொண்டே அறைக்கு வந்தேன். முப்பிடாதி வருவாள், என்ன சொல்வாள், நான் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்தேன்.

மூன்று மணிக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"எதுக்கு சார் மைக்குல சொன்னீங்க?"

"உண்மைய எல்லாருக்கும் சொல்லணும்ல?"

"நான் ஜீரோ வாங்குனது எங்க கிளாஸுக்கு மட்டும்தான் சார் தெரியும். வீட்டுல சொல்லல. இப்ப காலேஜு முழுக்க 'ஜீரோ முப்பிடாதி'ங்கான். எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் பஸ்ஸுல வருவான், இன்னைக்குச் சாயங்காலமே அம்மாகிட்ட சொல்லிருவான்." மூச்சு வாங்கியது. "நீங்க மார்க்கு மட்டும் போட்டிருந்தா போதும் சார். என்கிட்ட தனியா சொல்லியிருந்தா போதும். அது உங்களுக்காகச் சொன்னது சார். எனக்காக இல்ல."

அவள் சொன்னது சரி. திங்கட்கிழமை நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தாளே, அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அந்த அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. யாரும் இல்லாததால்தான் சொல்லவில்லை.

"மன்னிச்சிரும்மா" என்றேன். ஒரு மாணவியிடம் நான் இதைச் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

"சரி சார்" என்றாள். போய்விட்டாள்.

பொன்னாடை நாற்காலியில் கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, ஐந்து மணிக்கு அறிவிப்புப் பலகைக்குப் போனேன். பட்டியல் ஒட்டியிருந்தது. பையன்கள் கூட்டமாக நின்றார்கள், என்னைப் பார்த்ததும் விலகினார்கள். விரலை வைத்து மேலிருந்து கீழே ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே வந்தேன். முப்பிடாதி, இருந்தது. அவள் இன்னும் பார்த்திருக்க மாட்டாள். ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. வேண்டாம், அவளே வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.